தக்கலை ரிவிஷன் வகுப்பு: ஞாயிறு பேட்ச் கொள்ளாம், சனிக்கிழமை பேட்ச் யோசிக்கணும்

பரீட்சைக்கு முன்னால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ரிவிஷன் மட்டும் எடுக்கிற தக்கலை டியூஷன் சென்டர் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிப் போட்டுவிடலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிளஸ் டூ பேட்ச் கொள்ளாம், தாராளமாகச் சேர்க்கலாம். சனிக்கிழமை பிளஸ் ஒன் பேட்ச்சில் கொடுத்த பணத்துக்குப் பாதிதான் தேறியது. ஒரே சென்டர், ஒரே ஹால், ஒரே ஃபீஸ், ஆனால் பாடம் எடுக்கிற ஆள் வேறு. வாசலில் தொங்குகிற ஃபிளெக்ஸைப் பார்த்து முடிவு பண்ணினால் இது தெரியாது, அதில் இரண்டு பேரையும் ஒரே வரியில் 'அனுபவமிக்க ஆசிரியர்கள்' என்று போட்டிருக்கிறார்கள்.

சென்டர் பெயரைப் போடவில்லை. குறையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன், அக்கா மகன் அடுத்த வருஷமும் அங்கே போக வேண்டியவன். தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், கீழே சாயாக்கடை, மாடியில் வகுப்பு, இவ்வளவு சொன்னாலே ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் போனார்கள், மூத்தவள் பிளஸ் டூ, இளையவன் பிளஸ் ஒன். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவன், இப்போது பார்க்கிற வேலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பேச்சு வந்தால் 'மாமாகிட்ட கேளு' என்று என் தலையில்தான் வந்து விழும். அதனால் இரண்டு பேருடைய நோட்டும் என் கைக்கு வந்துபோகும்.

ஃபீஸ் ஒரு பிள்ளைக்கு 2,500 ரூபாய், இரண்டு தவணை. நோட்ஸ் என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு தருவார்கள், அதற்குத் தனியாக 200. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளை வருகிறதே, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று அக்கா கேட்டதற்கு ஃபீஸில் கை வைக்கவில்லை, நோட்ஸில் ஐம்பது ரூபாய் குறைத்தார்கள். பொங்கல் கழிந்து ஆரம்பித்துப் பரீட்சை வரை வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்று கணக்கு, ஆனால் ஞாயிறு வகுப்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்ததே கிடையாது.

தெரியாதவர்களுக்காகப் பிளஸ் டூ பேப்பர் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் இந்த வகுப்பு எதற்கு என்று புரியும். எழுத்துத் தேர்வு 70 மார்க். ஒரு மார்க் 15, இரண்டு மார்க்கில் ஆறு, மூன்று மார்க்கில் ஆறு, அப்புறம் ஐந்து மார்க்கில் ஐந்து. செய்முறை 20, அகமதிப்பீடு 10, இரண்டும் தனி. இரண்டு மார்க்குக்கும் மூன்று மார்க்குக்கும் ஒன்பது கேள்வி கொடுத்து ஆறு எழுதச் சொல்வார்கள், அதில் 24-ம் 33-ம் கட்டாயக் கேள்வி, தப்பிக்க முடியாது. புரோகிராம் கொடுத்து அவுட்புட் கேட்பது, சின்ன புரோகிராம் எழுதச் சொல்வது மாதிரியான சங்கதிகள் பெரும்பாலும் அங்கே வந்து உட்காரும். பாடம் முழுக்கக் கம்ப்யூட்டர், ஆனால் பரீட்சை ஹாலில் கம்ப்யூட்டர் கிடையாது. மூன்று மணி நேரமும் கையில் பேனா மட்டும். எண்டர் தட்டிப் பார்த்துத் தப்பைத் திருத்துகிற பழக்கம் அங்கே செல்லாது.

ஞாயிறு சார் இதைப் பிடித்துக்கொண்டார், அந்த வகுப்பின் மொத்த பலமும் அதுதான். டெமோ வகுப்பில் பெற்றோர் பின் பெஞ்சில் உட்காரலாம் என்பதால் அக்காவுக்குப் பதில் நான் உட்கார்ந்து பார்த்தேன். பலகையில் பைத்தான் என்கிற புரோகிராம் மொழியில் ஒரு நாலு வரி எழுதினார். டோட்டல் என்று ஒரு மாறி, அதாவது எண்ணைப் போட்டுவைக்கிற பெட்டி, அதில் 0. ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற ஃபார் லூப்பில் ஐ-க்கு ரேஞ்ச் 1, 5. உள்ளே டோட்டலோடு ஐ-யைக் கூட்டுகிற வரி. கடைசியில் பிரிண்ட் டோட்டல். என்ன வரும் என்று கேட்டார். ஒரு பக்கம் 10 என்றது, ஒரு பக்கம் 15 என்றது, இரண்டு பேர் 1, 3, 6, 10 என்றார்கள். எது சரி என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் ஸ்கேலை எடுங்கள் என்றார். நோட்டில் மூன்று பத்தி போடச் சொன்னார், ஐ-க்கு ஒன்று, டோட்டலுக்கு ஒன்று, ஓரத்தில் 'ஸ்கிரீன்' என்று ஒன்று. ஒவ்வொரு வரியாக வாசித்து எந்தப் பெட்டியில் எந்த எண் மாறுகிறதோ அதை மட்டும் எழுத வேண்டும், பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைக் கீழே எழுத வேண்டும். "எடே, கம்ப்யூட்டர் மாதிரி யோசிக்கப் பாக்காத, அதுக்கு யோசிக்கவே தெரியாது. வரிய வாசி, பெட்டியில எழுது, அடுத்த வரிக்குப் போ. இதாக்கும் வேல, கேட்டியா."

ஐ 1 ஆனபோது டோட்டல் 1, ஐ 2 ஆனபோது 3, அப்புறம் 6, அப்புறம் 10. ஐந்து வராது, ஏனென்றால் ரேஞ்சில் கொடுத்த கடைசி எண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். ஸ்கிரீன் பெட்டியில் 10 மட்டும். பிறகு பலகையில் அந்த பிரிண்ட் வரியை அழித்து, அதே வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதினார், வேறு எதையும் தொடவில்லை. மறுபடியும் பெட்டி போடச் சொன்னார். இப்போது ஸ்கிரீன் பெட்டியில் 1, 3, 6, 10 என்று நாலு வரி. அந்த இரண்டு பேர் சொன்ன விடை இந்த புரோகிராமுக்குச் சரி. முன் பெஞ்சில் ஒரு பிள்ளை 'அய்யோ, இடம் மாறினதுக்கா இவ்வளவு' என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

சி++ என்கிற இன்னொரு மொழியில் என்றால் சேர்ந்து ஓடுகிற வரிகளின் தொகுதியைக் காட்ட நெளிவு அடைப்புக்குறி உண்டு, வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருந்தாலும் அர்த்தம் மாறாது. பைத்தானில் உள்தள்ளல்தான் அடைப்புக்குறி. கம்ப்யூட்டரில் டைப் பண்ணும்போது எடிட்டரே உள்ளே தள்ளிக் கொடுத்துவிடும், அதனால் பிள்ளைகள் அதைக் கவனிப்பதே இல்லை. தாளில் யார் தள்ளிக் கொடுப்பார்? அவசரத்தில் எழுதும்போது வரியெல்லாம் ஓரமாகவே ஓடும், இல்லை என்றால் பாதி தள்ளியும் தள்ளாமலும் சந்தேகமாக நிற்கும், திருத்துகிறவருக்கு எது உள்ளே எது வெளியே என்று தெரியாது. சார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். புரோகிராம் எழுதுகிற பக்கத்தில் பென்சிலால் மெலிதாக நெடுக்குக் கோடுகள் போட்டுக்கொள்ள வேண்டும், லூப்புக்குள் போகிற வரியெல்லாம் அடுத்த கோட்டில் ஆரம்பிக்க வேண்டும். மூத்தவள் நோட்டில் முதல் பத்துப் பக்கத்துக்கு அந்தக் கோடுகள் இருக்கின்றன, அதற்கப்புறம் கோடு இல்லாமலே வரிகள் சரியாக நிற்கின்றன. எனக்கு அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் 2,500 வீண் போகவில்லை என்று தோன்றியது.

இதே பாணியில்தான் எல்லாவற்றையும் ஓட்டினார். ரேஞ்ச் 2, 11, 3 என்றால் 2, 5, 8, அதோடு சரி, 11 வராது. 17-ஐ 5-ஆல் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் 3.4, இரட்டைச் சாய்கோடு போட்டால் 3, சதவீதக் குறி போட்டால் மீதி 2. இது எல்லா கைடிலும் உண்டு. மைனஸ் 17-ஐ இரட்டைச் சாய்கோட்டில் 5-ஆல் வகுத்தால்? ஹாலே மைனஸ் 3 என்றது. மைனஸ் 4. பைத்தான் இரட்டைச் சாய்கோட்டில் எப்போதும் கீழே உள்ள முழு எண்ணுக்குத்தான் போகும், மைனஸ் 3.4-க்குக் கீழே இருப்பது மைனஸ் 4. மீதியும் அதற்கேற்ற மாதிரி 3. நாலைந்து இருபது, மைனஸ் 20-உடன் 3 கூட்டினால் மைனஸ் 17, சரியாகப் போச்சு. பரீட்சையில் இது வருமோ வராதோ, இப்படி ஒன்றைப் பார்த்த பிள்ளை இரட்டைச் சாய்கோட்டை மறக்காது.

தேடல் பாடத்தையும் அப்படியே. பட்டியலைப் பாதி பாதியாகக் கழித்துத் தேடுகிற பைனரி சர்ச் என்றால் எல்லாருக்கும் படிகள் மனப்பாடம், ஐந்து மார்க் கேள்வி. சார் படிகளை எழுதவே விடவில்லை முதலில். 4, 9, 15, 22, 31, 40, 58, 73 என்று எட்டு எண்ணைப் பலகையில் பெட்டி பெட்டியாக எழுதி, மேலே 0 முதல் 7 வரை இடம் போட்டு, 58-ஐத் தேடு என்றார். கீழ் எல்லை 0, மேல் எல்லை 7, நடு 3, அங்கே இருப்பது 22, சின்னது, அதனால் இடது பக்கம் முழுக்கக் கழிந்தது. கீழ் எல்லை 4 ஆகிறது, நடு 5, அங்கே 40, அதுவும் சின்னது. அடுத்த நடு 6, அங்கே 58. மூன்றாவது ஒப்பீட்டில் கிடைத்தாயிற்று, ஒவ்வொன்றாகப் போயிருந்தால் ஏழு. பிறகு எண்களை வரிசை மாற்றிப் போட்டு அதே 58-ஐத் தேடச் சொன்னார், கிடைக்கவே இல்லை, கண் முன்னால் பலகையில் இருக்கிறது, முறைப்படி போனால் கிடைக்க மாட்டேன் என்கிறது. வரிசைப்படுத்திய பட்டியலில் மட்டும்தான் இது வேலை செய்யும் என்ற ஒற்றை வரியைச் சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. தேடலின் வேகத்தைச் சொல்கிற குறியீடாக 'ஓ லாக் என்' என்று எழுதிப் பக்கத்தில் டிக் போட்டுப் போகிற வகுப்புகளையே பார்த்த எனக்கு இது பெரிய விஷயம்.

எழுத்துத் தொடர்களைப் பற்றிய சரங்கள் பாடத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மூத்தவள் வீட்டில் என் லேப்டாப்பில் ஊர்ப் பெயரைத் தமிழில் கொடுத்து எத்தனை எழுத்து என்று கேட்டிருக்கிறாள். 'தக்கலை', கண்ணுக்கு நாலு எழுத்து, பைத்தான் 6 என்கிறது. தலைகீழாகத் திருப்பச் சொன்னால் கொம்பு முன்னால் வந்து ஏதோ கோணல்மாணலாக நிற்கிறது. அடுத்த ஞாயிறு சாரிடம் கேட்டிருக்கிறாள். பரீட்சைக்கு வேண்டாத கேள்வி என்று அவர் தள்ளவில்லை. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் 'த'வுக்கு ஒரு எண், 'க'வுக்கு ஒரு எண், புள்ளிக்குத் தனி எண், ஐகாரக் கொம்புக்கும் தனி எண், கூட்டிப் பார் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தின முறையான ஆஸ்கியில் மொத்தமே 128 இடம், பெரிய ஏ-க்கு 65, சின்ன ஏ-க்கு 97, தமிழுக்கு அதில் இடம் கிடையாது, யூனிகோடில்தான் தனியாக ஒரு பகுதி கிடைத்தது என்பதையும் அந்தச் சாக்கில் சொல்லி முடித்துவிட்டார். அது பிளஸ் ஒன் பாடம், ஆனால் அன்றைக்குத்தான் இவளுக்கு உள்ளே போயிருக்கிறது.

தியரி பாடங்களில் சார் வேகம். ஒரு மார்க் கேள்விகளுக்குப் பெயரும் வருஷமும் ஒரே மூச்சில் போனது: பைத்தானை உருவாக்கியவர் கைடோ வான் ராசம், 1991-ல் வெளியானது, தரவை அட்டவணைகளாக வைக்கிற உறவுநிலை மாதிரியைத் தந்தவர் காட், 1970, உருப்பொருள் உறவுநிலை மாதிரியைத் தந்தவர் சென், 1976. தரவுத்தளத்துக்குக் கட்டளை கொடுக்கிற எஸ்க்யூஎல் மொழியில் டெலீட், ட்ரன்கேட், டிராப் மூன்றையும் ஒரே அட்டவணையை வைத்து வித்தியாசம் காட்டினார், டெலீட்டில் வேர் (where) என்று நிபந்தனை போட்டால் குறிப்பிட்ட வரிசைகள் மட்டும் போகும், ட்ரன்கேட்டில் எல்லா வரிசையும் போகும் ஆனால் அட்டவணையின் சட்டகம் இருக்கும், டிராப் பண்ணினால் அட்டவணையே இல்லை. நல்லாத்தான் இருந்தது. சி++ புரோகிராமைப் பைத்தானுக்குள் கொண்டுவருகிற பாடம் மட்டும் 'இத அப்படியே மனப்பாடம் பண்ணு பிள்ளே, புரிஞ்சுக்க இப்ப நேரமில்ல' என்று விட்டுவிட்டார். படித்தவன் என்ற முறையில் எனக்கு இது பிடிக்கவில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேறு என்ன செய்வது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. இது ரிவிஷன், புதுசாகப் படிக்கிற இடம் கிடையாது. பள்ளியில் ஒரு தடவையாவது பாடத்தைக் கேட்டு, புத்தகத்தை ஒரு தடவையாவது புரட்டிய பிள்ளைக்குத்தான் இந்தப் பெட்டி போடுகிற வேலை பிடிபடும். லூப் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்து உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிட்டார்கள். அவர்களுக்குச் சேரும்போதே சொல்லியிருக்கலாம், பணத்தை வாங்கிக்கொண்டு சொல்லாமல் இருந்தது சென்டரின் தப்பு. திருப்பிக் கேட்டதற்கு 'ஒன்ஸ் பெய்டு', அதாவது கட்டின பணம் திரும்பக் கிடைக்காது என்று ரசீதின் அடியில் எழுதியிருப்பதைக் காட்டினார்களாம்.

இனி சனிக்கிழமை. பிளஸ் ஒன் பாடத்தில் முதல் பாதி எண் முறைகள், லாஜிக் கேட், மெமரி, ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று அடிப்படை, பின்பாதி சி++. அடிப்படைப் பகுதியைச் சனிக்கிழமை சார் மோசமாக எடுத்தார் என்று சொல்ல முடியாது. மைனஸ் எண்ணை 0, 1 மட்டும் வைத்து எழுதுகிற இரண்டின் நிரப்பு முறை இளையவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மைனஸ் 21 கேட்டால் 21-ஐ 00010101 என்று எழுதி, எல்லாவற்றையும் மாற்றி 11101010 ஆக்கி, ஒன்றைக் கூட்டி 11101011 என்று நிற்கிறான், அதைப் பதின்ம எண்ணாகப் பார்த்தால் 235, 256-இலிருந்து 21 கழித்தாலும் 235, ஆக சரி என்று சரிபார்க்கவும் தெரிகிறது. அந்தச் சரிபார்ப்பு சார் சொல்லிக்கொடுத்ததுதான், அந்தப் புகழை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

சிக்கல் சி++-ல். அவர் டர்போ சி++ என்கிற பழைய மென்பொருள் காலத்து ஆள், அங்கேயே நின்றுவிட்டார். நோட்ஸில் முதல் வரியிலேயே ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச், அடுத்து கோனியோ டாட் ஹெச், வாய்டு மெயின், க்ளியர் ஸ்கிரீன், கடைசியில் கெட்ச். இருபது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் நீலத் திரையில் இதைத்தான் அடித்துக்கொண்டு இருந்தோம், பார்த்ததும் எனக்கு ஒரு பழைய பாசம்கூட வந்தது. ஆனால் இப்போதைய புத்தகத்தில் ஐஓஸ்ட்ரீமுக்குப் பின்னால் டாட் ஹெச் கிடையாது, யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி என்று ஒரு வரி உண்டு, மெயின் முன்னால் இன்ட் வரவேண்டும், கடைசியில் ரிட்டர்ன் 0. பள்ளியில் பயன்படுத்துவது டெவ் சி++ என்கிற மென்பொருள். சென்டர் நோட்ஸைப் பார்த்து அப்படியே எழுதியதை இளையவன் பள்ளி லேபில் அடித்தால் முதல் வரியிலேயே எரர். இன்ட் எத்தனை பைட் என்று ஒரு மார்க் கேள்வி வரும், டர்போவில் 2, டெவ்-ல் 4, நோட்ஸில் 2 மட்டும் இருக்கிறது, எதில் 2 என்று இல்லை. அக்கா ஃபோன் பண்ணிக் கேட்டதற்கு 'லாஜிக்தான் முக்கியம், மேலே என்ன எழுதினாலும் மார்க் போடுவார்கள்' என்று பதில். லாஜிக் முக்கியம்தான். ஆனால் பள்ளி டீச்சர் ஒன்று சொல்ல, டியூஷன் சார் வேறு சொல்ல, நடுவில் பதினாறு வயசுப் பையன் எதை எழுதுவான்?

நோட்ஸ் பற்றித் தனியாக ஒரு வார்த்தை: வாங்காதீர்கள். பழைய கைடுகளிலிருந்து எடுத்து ஒட்டி ஜெராக்ஸ் போட்ட கட்டு, சில பக்கத்தில் ஓரத்து எழுத்து விழவே இல்லை. பிளஸ் ஒன் கட்டில், நேண்ட் என்கிற லாஜிக் கேட்டுக்கு எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்று காட்டுகிற மெய்ப்பட்டியலில் கடைசி வரி தப்பு, இரண்டு உள்ளீடும் 1 என்றால் வெளியீடு 0 வரவேண்டும், அதில் 1 என்று இருக்கிறது. நான்கு வரிப் பட்டியலில் ஒரு வரி தப்பு என்றால், அதை மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைக்கு அந்த கேட்டே தப்பு. பிளஸ் டூ கட்டு பரவாயில்லை, ஆனால் ஞாயிறு சாரே அதைத் தொடுவதில்லை, 'புக்க எடுங்க மக்களே' என்றுதான் ஆரம்பிப்பார். பாடநூல் கழகத்தின் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பாடப் பின்பக்க ஒரு மார்க் கேள்விகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. 200 ரூபாய்க்குப் பழைய வினாத்தாள் ஜெராக்ஸ் போட்டால் ஒரு வருஷத்துக்குப் போதும்.

டெஸ்ட் வைக்கிறார்கள், அது நல்லது. திருத்துவதுதான் சரியில்லை. சார் திருத்துவது இல்லை, சென்டரில் பார்ட் டைமாக நிற்கிற காலேஜ் பிள்ளைகள் திருத்துகிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, கட்டுக்கட்டாகக் கொடுத்து அன்றே திருப்பிக் கேட்டால் என்ன செய்வார்கள். மூத்தவளுடைய ஒரு டெஸ்ட் பேப்பரில், ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்கிற புரோகிராமில், லூப்பை நிறுத்துகிற பிரேக் வரி இஃப்-க்கு உள்ளே தள்ளாமல், ஃபார் லூப்புக்குள் இஃப்-க்கு நேராகவே நின்றது. அப்படி நின்றால் லூப் ஒரே சுற்றில் முடிந்துவிடும், 2-ஆல் வகுபடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 9-ஐயும் பகா எண் என்று சொல்லும். ஐந்துக்கு ஐந்து போட்டு 'குட்' என்று எழுதியிருந்தார்கள். எந்த உள்தள்ளலுக்காக சார் ஒரு வகுப்பு முழுக்கத் தொண்டை வற்றப் பேசினாரோ அதையே திருத்துகிற இடத்தில் யாரும் பார்க்கவில்லை. டெஸ்ட் பேப்பர் வீட்டுக்கு வந்தால் மார்க்கைப் பார்க்காமல், பிள்ளையையே அந்த புரோகிராமை ஒரு தடவை பெட்டி போட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

லேப் என்று ஃபிளெக்ஸில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நாலு கம்ப்யூட்டர், ஒன்றில் கீபோர்டு வேலை செய்யாது, ஒன்று எப்போதும் அட்மிஷன் எண்ட்ரிக்கு. மீதி இரண்டுக்கு ஹால் முழுக்க வரிசை. கரண்ட் போனால் யூபிஎஸ் கத்துகிற சத்தத்தில் பாடம் கேட்காது. செய்முறைத் தேர்வு எப்படியும் பள்ளி லேபில்தான் என்பதால் இது பெரிய நஷ்டம் இல்லை, லேபுக்காகச் சேர்க்கலாம் என்று யாராவது நினைத்தால் மட்டும் வேண்டாம்.

நேரம் காலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரிவிஷன் வகுப்பு நடக்கிற மாசி மாசத்தில்தான் நம் ஊரில் எல்லாமும் வருகிறது. சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம், முஞ்சிறையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், கோவிந்தா கோபாலா சத்தத்தோடு ரோடு நிறைந்துபோகும். கல்குளமும் மேலாங்கோடும் தக்கலையை ஒட்டியே இருப்பதால் அந்தப் பக்கம் அன்றைக்கு வண்டி நகராது. அடுத்து மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா. சென்டர்காரர்கள் இதற்கெல்லாம் வகுப்பைத் தள்ளி வைக்கிறார்கள், சரி, ஆனால் முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸாப் குரூப்பில் போடுகிறார்கள், காலையில் பார்க்காத பிள்ளைகள் பஸ் ஏறி வந்து பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பின கதை உண்டு. நாள்காட்டியில் இருக்கிற திருவிழாவை ஒரு வாரம் முன்னால் சொல்ல என்ன தடை?

ஞாயிறு வகுப்பு நாலரைக்கு முடியும் என்று சொன்னாலும் ஐந்தரை ஆகிவிடும். சாருக்குக் கடிகாரம் கிடையாது. நாகர்கோவில், மார்த்தாண்டம் போகிற பிள்ளைகளுக்கு பஸ் பிரச்சினை இல்லை, உள்ளூர் ரூட் பிள்ளைகள்தான் பாவம், ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது வரும் வரைக்கும் நிற்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வருகிற வண்டிகள் வேறு ஞாயிறு சாயங்காலம் ஜங்ஷனை அடைத்துக்கொண்டு நிற்கும். பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கூப்பிட ஆள் ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் பைக்கில் போய்க் கீழே சாயாக்கடையில் உட்கார்ந்துவிடுவேன், பழம்பொரி நன்றாக இருக்கும், அதற்கும் இந்த விமர்சனத்துக்கும் சம்பந்தமில்லை.

ஹாலில் மின்விசிறி போதும், வெளிச்சம் போதும், தண்ணீர் வைத்திருக்கிறார்கள். கழிவறை ஒன்றுதான், பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. இதைப் பற்றி ஒரு அம்மா கேட்டபோது அடுத்த வருஷம் கட்டுகிறோம் என்றார்கள்.

பரீட்சை முடிந்து மூத்தவள் வினாத்தாளை எடுத்துவந்தாள். ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் பெட்டி, எண்களை அடித்து அடித்து எழுதியிருக்கிறாள். மார்க் வரட்டும், அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை.

இளையவனுக்கு அடுத்த பொங்கல் கழிந்து ஆரம்பிக்கிற ஞாயிறு பேட்ச்சில் இப்போதே பெயர் சொல்லி வைத்தாயிற்று. அந்த சார்தான் எடுக்கிறாரா என்று உறுதி பண்ணிய பிறகே முதல் தவணை கொடுப்போம், நோட்ஸ் வேண்டாம் என்றும் அக்கா சொல்லிவிட்டாள். அடுத்த வருஷத்திலிருந்து நோட்ஸ் சேர்த்துத்தான் ஃபீஸ், மொத்தம் 2,700 என்று பதில் வந்திருக்கிறது. இந்த வாரம் நேரில் போய்ப் பேசிப் பார்க்கிறேன், அந்த 200-ஐக் குறைக்கவில்லை என்றால் நேண்ட் கேட் பக்கத்தையும் கையோடு கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன்.